ஏழரை கிலோவுக்கு மேலே

எங்கள் ஜிம்மில் டம்பெல் அடுக்கி வைக்கும் ஸ்டாண்டில் எழுதப்படாத கோடு ஒன்று உண்டு. இரண்டரை, ஐந்து, ஏழரை. லேடீஸ் டைமிங்கில் இந்த மூன்றும்தான் கைமாறிக்கொண்டே இருக்கும். பத்தும் அதற்கு மேற்பட்டவையும் ஆண்கள் வரும்வரை அசையாமல் கிடக்கும். போர்டு எதுவும் மாட்டவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஆனால் பத்தில் கை வைத்துப் பாருங்கள், மாஸ்டர் வந்து நிற்பார். "மேடம், அது உங்களுக்கு வேண்டாம். டோனிங்குக்கு அஞ்சு போதும், ரெப்ஸ் கூட்டிக்கலாம்."

திருச்சியில் ஒரு மாடி ஜிம். கீழே மருந்துக்கடை. நான் வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் பத்தரை மணி பேட்ச் எனக்கு வசதி. மாஸ்டருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். மாவட்ட ஆணழகன் போட்டிகளில் மேடை ஏறியவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர், ஆனாலும் அங்கே எல்லாருக்கும் மாஸ்டர்தான், எனக்கும் அப்படித்தான். அவரிடம் பி.டி. எடுத்தேன். மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணம் கட்டி, ஒரு மணி நேரத்துக்கு அவருடைய கவனத்தை வாங்கிக்கொள்வதற்குப் பெயர் பி.டி.

சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை கிலோ குறைக்கணும் மேடம்?"

குறைக்க வேண்டாம், தூக்க வேண்டும் என்றேன். சிரித்தார். அப்போது என் எடை 65 கிலோ. என் உயரத்துக்கு அது அதிகமா, சரியா என்பது பற்றி எனக்குக் கருத்து எதுவும் கிடையாது. எனக்கு வேண்டியது வேறு.

அம்மா பாத்ரூமில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட டாக்டர் டெக்சா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேன் அது. டி-ஸ்கோர் என்று ஒரு எண் வரும், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிந்து எளிதில் உடைகிற நோய். அம்மாவுடையது கீழேதான் இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். உங்களுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, மாதவிடாய் நிற்பதற்குள் எடை தூக்க ஆரம்பியுங்கள் என்றார். எடை தூக்கச் சொன்னார். ரோஸ் கலர் டம்பெலை இருபத்தைந்து தடவை ஆட்டச் சொல்லவில்லை.

எவ்வளவு எடை என்று தேடிப் படித்தபோதுதான் லிஃப்ட்மோர் என்ற ஆய்வு கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2018இல் ஆய்விதழில் அச்சானது. மாதவிடாய் நின்று, எலும்பு அடர்த்தியும் குறைந்துபோன 101 பெண்கள். சராசரி வயது 65. ஒரு பாதிப் பேர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். மறுபாதிப் பேர் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம் கனமாகத் தூக்கினார்கள். தரையிலிருந்து ராடைத் (எடை மாட்டுகிற நீளக் கம்பி) தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்ட், ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், தலைக்கு மேல் தள்ளுகிற பிரஸ், கூடவே கம்பியைப் பிடித்து எம்பிக் குதித்து இறங்குவது. ஐந்து செட், செட்டுக்கு ஐந்து ரெப், அதாவது ஐந்து தடவை. எடை எவ்வளவு என்றால், ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல். எட்டு மாதம் கழித்து கனமாகத் தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்பில் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. தூக்கியவர்களில் அடிபட்டவர் ஒரே ஒருவர், அவருக்கும் முதுகில் லேசான பிடிப்புதான்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அந்தப் பெண்களைக் கூட்டிவந்து நேரே ராடுக்கு முன்னால் நிறுத்திவிடவில்லை. முதல் மாதம் முழுக்க லேசான எடையில் அசைவை மட்டும் பழக்கினார்கள். பிறகும் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் ஆள் நின்று கவனித்தார்கள். கனமாகத் தூக்குவதற்கு ஒரு பார்வை தேவை. அதற்காகத்தான் நான் பி.டி.க்குப் பணம் கட்டினேன்.

மாஸ்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அது வெள்ளைக்காரங்க மேடம். அவங்க பாடி வேற, நம்ம பாடி வேற."

சரி, பக்கத்து மாநிலத்துக்கு வருவோம் என்று கர்ணம் மல்லேஸ்வரியைச் சொன்னேன். ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பெண். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதலைச் சேர்த்ததே 2000 சிட்னியில்தான், அதே சிட்னியில் 69 கிலோ பிரிவில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்நாட்ச்சில் 110, தோளில் நிறுத்திப் பிறகு தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். டோக்கியோவில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 87ம் 115ம் தூக்கி வெள்ளி. தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலே தலைக்கு மேல்! "அவங்கெல்லாம் சாம்பியன் மேடம்" என்றார். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிற போட்டியில் பெண்களும் தூக்குகிறார்களே, அவர்கள் சாம்பியன்களா என்று கேட்டேன். "அது கிராமம்."

வெள்ளைக்காரி, சாம்பியன், கிராமத்துக்காரி என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால், தூக்கக்கூடாத பெண்ணாக மிஞ்சுவது பத்தரை மணிக்கு ஜிம்முக்கு வருகிறவள் மட்டும்தான்.

இந்த இடத்தில் பலர் ஒரு வாதத்தை எடுப்பார்கள். நம் பாட்டிகள் தூக்காததா, குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கவில்லையா, இன்றைக்கும் சிலிண்டரை யார் நகர்த்துகிறார்கள் என்று. சிலிண்டர் விஷயம் உண்மைதான். உள்ளே கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் 30ஐத் தொடும். ஆனாலும் இந்த வாதத்தின் மேல் எனக்குப் பிரியமில்லை. சித்தாள் வேலைக்குப் போகிற பெண் நாளெல்லாம் செங்கல் சுமக்கிறாள். அது அவள் உடம்பைக் கட்டி எழுப்புவதில்லை, தேய்க்கிறது. அவளுக்கு இடையில் ஓய்வு நாள் கிடையாது. தின்பது போதாது. சுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் மேஸ்திரி கையில். பயிற்சிக்கும் பாடுபடுவதற்கும் எடையில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம், கணக்கில் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை தடவை, அடுத்தது எப்போது என்பதைத் தூக்குகிறவளே தீர்மானிக்க வேண்டும். பாட்டி பெருமையைப் பேசி இதை மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மாஸ்டரின் பயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, நான் 'பெரிசாகி'விடுவேன் என்பது. இந்த மனிதர் கை அரை இன்ச் ஏற மாட்டேன் என்கிறது என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறவர். கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் அவித்துத் தின்கிறார். மேடை ஏறுவதற்கு முந்தைய வாரங்களில் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். இவ்வளவு பாடுபட்டும் அவருக்கு வராத சதை, வாரம் மூன்று நாள் வந்து போகிற எனக்கு மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடையதைப் போல் ஏறக்குறைய 15 மடங்கு. தசை பருக்க அது வேண்டும், உபரியாகச் சாப்பாடு வேண்டும், ஆண்டுகள் வேண்டும். தொடக்கத்தில் தூக்குகிற எடை கூடுவது தசை பருப்பதால் அல்ல. நரம்புகள் இருக்கிற தசையை ஒன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. ஒன்று மட்டும் நடக்கும்: புதிதாகத் தூக்க ஆரம்பித்தால் தசைகள் நீரைப் பிடித்துவைக்கும், எடைமெஷினில் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறும். லேடீஸ் டைமிங்கில் பாதிப் பேர் அந்த வாரத்தில்தான் ராடை விட்டுவிட்டு டிரெட்மில்லுக்கு ஓடுகிறார்கள். யாராவது முன்னாலேயே சொல்லி வைத்தால் என்ன?

ஒருநாள் கூட்டமில்லை. மழை. அவரே வாய் திறந்தார். அன்றுதான் மேடம் போய் அக்கா வந்தது.

"அக்கா, உண்மையச் சொல்றேன். ஆம்பளைக்கு முதுகு புடிச்சுக்கிச்சுன்னா ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு நாளைக்கும் வந்துருவான். லேடீஸ் யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்காரர் வந்து நிப்பாரு. 'இவளை யாரு இதெல்லாம் தூக்கச் சொன்னது'ம்பாரு. ஓனர் என்னைத்தான் தூக்குவாரு."

அதுவரை வந்த எல்லாத் தடையும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஏழரை கிலோ என் முதுகைப் பார்த்து வைத்த அளவே இல்லை. அவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த அளவு. ஆண் முதுகு உடைந்தால் அது அவனுடைய சமாச்சாரம். பெண் முதுகு பிடித்துக்கொண்டால் வீட்டில் அன்றைக்கு யார் சமைப்பது என்ற கேள்வி எழுகிறது, அந்தக் கேள்வி மாடிப்படி ஏறி ஓனரிடம் வருகிறது. அவருக்குச் சம்பளம் சொற்பம், பி.டி. கமிஷனில்தான் வண்டி ஓடுகிறது. பி.டி.க்கு ஆள் பிடிப்பது சுவரில் ஒட்டியிருக்கிற முன்-பின் போட்டோக்கள். அதில் 'முன்' படத்தில் குண்டான பெண், 'பின்' படத்தில் ஒல்லியான பெண். 40 கிலோ தூக்கியவள் 80 தூக்கியதைப் போட்டோவில் எப்படிக் காட்டுவது?

அவர்மேல் இருந்த கோபம் அன்று பாதி குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன். அவரிடம் அப்படியேதான் சொன்னேன்: "தம்பி, நீங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க, மறுபேச்சு இல்லாம செய்றேன். யாரோ சொல்லிக் கேட்டதைச் சொன்னா நான் கேட்க மாட்டேன்." எதுவும் நடந்தால் என் பொறுப்பு என்று அவர் வாட்ஸ்ஆப்புக்கு எழுதியும் அனுப்பினேன். அதை ஓனருக்கு அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. புத்திசாலி.

அவர் கண் அருமையான கண். டெட்லிஃப்டில் இடுப்பு முன்னாலேயே மேலே கிளம்பி, முதுகு தனியாகப் பின்னால் வருகிறது என்பதை இரண்டாவது ரெப்பிலேயே பிடித்துவிட்டார். ராடு காலை விட்டு ஓர் அங்குலம் விலகினாலும் தெரிந்துவிடும் அவருக்கு. "கோலம் போடுற மாதிரி குனியாதீங்கக்கா. பின்னாடி கதவு இருக்கு, கையில சாமான் இருக்கு, இடுப்பால தள்ளிச் சாத்துங்க." புத்தகத்தில் படித்தும் வீடியோவில் பார்த்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று அந்த ஒரே வாக்கியத்தில் உடம்புக்குப் புரிந்தது. பக்கவாட்டில் நின்று என் போனிலேயே வீடியோ எடுத்துக் காட்டுவார். என் முதுகை நானே பார்க்க முடியாது. ஜிம் கண்ணாடி முன்பக்கத்தை மட்டும்தான் காட்டும்.

கேட்டதைச் சொல்கிற இடங்கள் வேறு. ஸ்குவாட்டில் முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்பார். மாடிப்படி இறங்கும்போது யாருக்குத் தாண்டாமல் இருக்கிறது? முட்டியை முன்னே போகவிடாமல் கட்டிப் பிடித்தால் உடம்பு முன்னால் சாயும், முட்டிக்குக் குறைகிற பாரம் இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும் போய்ச் சேரும். தொடை நீளமானவர்களுக்கு இன்னும் மோசம். குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா, முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்பதைப் பாருங்கள் என்றேன். அது கண்ணால் பார்க்கிற விஷயம் என்பதால் ஒத்துக்கொண்டார்.

மூச்சும் அப்படித்தான். விட்டுக்கொண்டே தூக்கச் சொல்வார். ஐந்து கிலோவுக்கு அது சரி. உச்ச எடைக்குப் பக்கத்தில் போகும்போது வயிறு நிறைய மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருகிற மாதிரி இறுக்கி, தூக்கி முடித்த பிறகுதான் விட வேண்டும். அந்த அழுத்தம்தான் முதுகெலும்பைத் தாங்கிப் பிடிக்கிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

அவர் வாயால் சொல்லத் தயங்கி, எங்கள் பேட்ச்சிலேயே ஓர் அம்மாவை விட்டுச் சொல்ல வைத்தது: "அந்த நாள்ல தூக்காத. கர்ப்பப்பை இறங்கிடும்." இதை ஒரேயடியாகச் சிரித்துத் தள்ள மாட்டேன். பிரசவத்துக்குப் பிறகு இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்து, தும்மினால் சிறுநீர் கசிகிறது, கீழே ஏதோ இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று வெளியே சொல்லாமல் இருக்கிற பெண்கள் நிறைய. அவர்கள் ராடைத் தொடுவதற்கு முன்னால் மகப்பேறு டாக்டரையோ, இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டையோ பார்க்க வேண்டும். ஆனால் மாதவிடாய் வருகிறது என்பதே தூக்கக் கூடாததற்குக் காரணமாகாது. வலி அதிகமான நாளில் நான் வருவதில்லை, மற்ற நாளில் வருகிறேன். இதில் மாஸ்டரின் கருத்துக்கு இடமே இல்லை, அவரும் அதற்கப்புறம் பேசவில்லை.

ராடைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் புலம்புவேன். பளுதூக்கும் போட்டிகளில் பெண்களுக்கான ராடு 15 கிலோ, பிடிக்கிற இடம் 25 மில்லிமீட்டர் தடிமன். ஆண்களுடையது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். எங்கள் ஜிம்மில் இருப்பது 20 கிலோ மட்டும்தான். அந்த 3 மில்லிமீட்டர் சின்னக் கைக்குப் பெரிய விஷயம். முதுகும் காலும் தயாராக இருக்கும்போதே விரல் விட்டுவிடும். கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன்மேல் மற்ற விரல்களைப் போட்டுப் பிடிக்கப் பழகிக்கொண்டேன், முதல் வாரங்களில் கட்டைவிரல் உயிர் போகும். கை வழுக்காமல் இருக்கப் பூசுகிற சாக் பவுடர் தரையெல்லாம் கொட்டுகிறதென்று ஓனர் தடை போட்டிருக்கிறார்.

பிளேட் விஷயம் இன்னும் அநியாயம். ஜிம்மில் இருப்பதிலேயே சின்ன பிளேட் இரண்டரை கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. தலைக்கு மேல் 60 கிலோ தள்ளுகிற ஆணுக்கு அது 8 சதவீத ஏற்றம். 25 தள்ளுகிற எனக்கு 20 சதவீதம். பெண்கள் ஓரிடத்திலேயே தேங்கி நிற்கிறார்கள், அவர்களுக்குப் பலம் ஏறாது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி நானே வாங்கி, பையில் போட்டுக் கொண்டுபோகிறேன். கணக்கு எழுதுகிறவளுக்கு நோட்டில் இரண்டரை இரண்டரையாக ஏறுவதைப் பார்ப்பதில் தனி சந்தோஷம். இப்போது பேட்ச்சில் இன்னும் நான்கைந்து பேர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

தாலிச் சங்கிலியையும் சொல்லியாக வேண்டும். டெட்லிஃப்டில் குனிந்தால் தொங்கி ராடில் அடிக்கும், பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடைத் தள்ளுகிற பெஞ்ச் பிரஸ்ஸில் கழுத்துப் பக்கம் சரிந்து ராடுக்கு அடியில் மாட்டும். கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. நான் டி-ஷர்ட்டுக்குள் விட்டு ஊக்குக் குத்திவிடுகிறேன். மாஸ்டர் இதைப் பார்த்தும் சொல்லக் கூச்சப்பட்டு வெகுநாள் மேலே இருந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பொதுவாகச் சொல்கிற புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். தூக்குகிறவர்களுக்கு 1.4 முதல் 2 வரை என்பது விளையாட்டு ஊட்டச்சத்துக்காரர்கள் கணக்கு. எனக்குக் குறைந்தது 91 கிராம். முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, இட்லி சாம்பாரை நம்பி உட்கார முடியாது. முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று சமாளித்து, பற்றாத நாளில் வே என்கிற புரதப் பவுடர். மாஸ்டர் விற்கிற டப்பாவை வாங்காமல் வேறு கடையில் வாங்குகிறேன், அவருக்கு அதில் வருத்தம். அது பாலிலிருந்து எடுப்பது என்று எத்தனை சொன்னாலும் என் மாமியாருக்கு ஸ்டீராய்டுதான்.

இப்போது டெட்லிஃப்ட் 80 கிலோ. நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். மாவட்ட பவர்லிஃப்டிங் போட்டிக்கு என்னை அனுப்பியே தீருவேன் என்கிறார். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட், மூன்றும். நாற்பது முதல் நாற்பத்தொன்பது வயது வரை மாஸ்டர்ஸ் பிரிவில் முதல் பகுதி. புதிதாக வருகிற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் போன வாரம் அவரே பத்து கிலோ டம்பெலை எடுத்துக் கொடுத்ததையும் பார்த்தேன்.

போட்டிக்குப் போவதில் எனக்கும் ஆசைதான். சிக்கல் எங்கே என்றால், பெண்களுக்கு 63 கிலோ பிரிவு ஒன்று, அடுத்தது 69. நான் 65இலேயே நிற்கிறேன்.

"அக்கா, ரெண்டே கிலோ. ரெண்டு கிலோ குறைச்சீங்கன்னா 63ல நிக்கலாம். மெடல் நிச்சயம்."

நான் குறைக்க வரவில்லை என்று முதல் நாளே சொன்னேன், 69இல் நிற்கிறேன் என்றேன். 69இல் எல்லாரும் அந்த எடைக்கு நெருக்கமாக வருவார்கள், நான்கு கிலோ குறைவாகப் போய் நின்றால் அடி வாங்குவீர்கள் என்கிறார். இது அவர் மேடையில் கண்ணால் பார்த்த விஷயம் வேறு, ஒப்பந்தப்படி நான் கேட்டாக வேண்டும். ராத்திரி சாதத்தை நிறுத்தச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த சீட்டு பையில் கிடக்கிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் இரண்டரை கிலோ கூட்டிக் கொடுங்கள், அப்புறம் சாதத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.